முப்பது கோழி நிறை

ராத்தா போகிற வழியில் எதுவும் விழுந்து கிடக்கக் கூடாது. சைக்கிள் சாய்ந்து கிடந்தால் நிமிர்த்தி நிறுத்திவிட்டுத்தான் போவார். அது யாருடைய சைக்கிள் என்பது அவருக்குத் தேவையில்லை. கூட்டுகிற தும்புத்தடி தரையில் கிடந்தால் எடுத்துச் சுவரில் சாத்துவார். நிழலில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஆட்டைக்கூட ஒரு தட்டுத் தட்டி எழுப்புவார். அது நாலு காலில் நிற்பதைப் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும். அவர் ஒழுங்கை முனையில் திரும்பியதும் ஆடு மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

காய்ச்சல்காரர்களுக்கு அவரைக் கண்டாலே பயம். ஒரு முறை நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியோடு வந்தார். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, கக்கத்தில் கையைக் கொடுத்து என்னைத் தூக்கி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து இருத்தினார். "படுத்தே கெடந்தா நோய்க்கு எடம் குடுத்த மாதிரி. இரிங்க டீச்சர்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அவர் வாசல் கடப்பைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்கும்வரை, வகுப்பில் மொனிட்டருக்குப் பயந்த பிள்ளையைப் போல விறைப்பாக இருந்தேன்.

அவர் மௌத்தாகி அடக்கமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய கோழிகளில் கடைசி இரண்டும் என் வளவில்தான் செத்தன. இதை இவ்வளவு காலம் எழுதாமல் இருந்ததற்கு ஒரே காரணம் வெட்கம்.

நான் கனமூலைக்காரி. சண்டை முடிந்த சில வருடங்களில் பள்ளிவாசல்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியையாக மாற்றலாகிப் போனேன். கணவர் கத்தாரில் வேலை. கைப்பிள்ளையோடு வாடகை வீடு ஒன்று எடுத்தேன். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் வீடு. ராத்தா என்றால் அக்கா, ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர். தனியாள். அவரோடு வந்தவர்களில் பலர் சண்டை முடிந்ததும் ஊர் போய்க் காணியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிலர் அங்கேயே வீடும் கட்டினார்கள். ராத்தா ஒரு நாளும் போகவில்லை.

எதையும் படுத்துக் கிடக்க விடாத அந்தக் குணத்துக்கு ஊரில் இரண்டு காரணம் சொன்னார்கள். வரும்போது வள்ளத்தில் அவருடைய ஆள் யாரோ ஒருவர் படுத்தவர், பிறகு எழும்பவில்லை என்பது ஒன்று. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான் என்பது மற்றது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. வகுப்பில் நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற எனக்கு, பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்க நா எழும்பாது. ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தக் கதை முழுவதும்.

மதுரங்குளிப் பக்கம் ஒரு முட்டைப் பண்ணை இருந்தது. அங்கே கோழிகள் கம்பிக் கூட்டிலேயே நின்று, மண்ணை ஒரு நாளும் மிதிக்காமல், ஒரு வருடத்துக்கு மேல் முட்டையிடும். முட்டை குறைந்ததும் லொறி வந்து அவ்வளவையும் இறைச்சிக்கு ஏற்றிக்கொண்டு போகும். கால் மடங்கிப்போன கோழிகளை லொறிக்காரனும் ஏற்றமாட்டான். அவற்றைச் சாக்கில் போட்டு ஒதுக்கி வைப்பார்கள், புதைக்க. அந்தக் காலையில் ராத்தா முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிடுவார். நாலோ ஐந்தோ கோழியைக் காட்போட் பெட்டியில் வைத்து மடியில் சுமந்துகொண்டு வருவார். திரீவீல்காரப் பொடியன்மார் "ராத்தாட ஆஸ்பத்திரி நெறஞ்சிட்டு" என்று பகிடி பண்ணுவார்கள்.

முதல் தடவை அந்தப் பெட்டிக்குள் பார்த்தபோது எனக்குக் குமட்டியது. கழுத்தில் இறகில்லை. கொண்டை வெளிறி, கால்கள் பின்னால் நனைந்த துணி மாதிரிக் கிடந்தன. கண் மட்டும் திறந்திருந்தது. செத்ததைப் பார்க்க நான் பயந்ததில்லை. இது செத்தும் இருக்கவில்லை, உயிரோடும் இருக்கவில்லை. நான் இரண்டு அடி பின்னால் போனேன். ராத்தா ஒன்றைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, "எழும்பு வாப்பா, எழும்பு" என்றார்.

அவர் செய்கிற வைத்தியம் இதுதான். பழைய சாரத்துணியில் கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு, அதில் கோழியை இருத்தி, இரண்டு கம்புகளுக்கு நடுவில் தொட்டில் போலக் கட்டுவார். பாதம் மண்ணில் பட்டும் படாமலும் இருக்கும். களப்போரத்தில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு இடித்துத் தீனியில் கலப்பார். அதோடு விற்றமின். புத்தளம் டவுனில் மிருக மருந்துக் கடையில் வாங்குகிற சின்னப் போத்தல். மஞ்சள் நிறம், தடிப்பு, மீனெண்ணெய் வாசம். பெருவிரல் நகத்தால் அலகைத் திறந்து மூன்று சொட்டு விடுவார். இரண்டும் இல்லை, நாலும் இல்லை. மிச்ச வேலைக்கெல்லாம் பக்கத்தில் நிற்பவரை ஏவுவார், அந்தப் போத்தலை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

பாதிக் கோழி செத்துப்போகும். மற்றப் பாதி இரண்டு மூன்று கிழமையில் எழுந்து நிற்கும். நடுங்கும், விழும், மறுபடி நிற்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராத்தா கை தட்டவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். "ம். இனி நட" என்பார். எழும்பிய கோழியை அறுக்கவும் மாட்டார்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் நிற்கவில்லை.

கதிரையைப் பிடித்து எழும்புவாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். ஐந்து எண்ணுவதற்குள் இருந்துவிடுவாள். புத்தளம் கிளினிக்கில் எலும்பு பலவீனம் என்றார்கள். ஒரு துளி மருந்து தந்தார்கள், காலை வெயில் காட்டச் சொன்னார்கள், பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணவர் ஃபோனில் கேட்கிற முதல் கேள்வி, மகள் நடந்தாளா என்பதுதான்.

நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் மகளை ராத்தாதான் பார்த்துக்கொண்டார். கணவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆள் யார், எந்த ஊர் என்று தெரியாமல் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாயே என்றார். எனக்கோ பெரிய நிம்மதி. விழுந்ததையெல்லாம் நிமிர்த்துகிற கையில்தானே கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் நான் திரும்பி வரும்போது வெயிலில் நாலு கோழி தொட்டிலில் நின்றுகொண்டிருந்தன. ஐந்தாவதாக, கக்கத்துக்குக் கீழே துப்பட்டி கட்டி, என் மகள். பாதம் மண்ணில் பட்டும் படாமலும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு மனதுக்குள் ஏதோ ஒரு மாதிரியாக இருந்தது.

கிளினிக் மருந்தை ராத்தா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதென்ன டீச்சர் தண்ணி மாதிரி இரிக்கி. எங்கட கோழி குடிக்கிறது இதவிடத் திறம்." அதற்கும் சிரித்தேன்.

இன்னொரு நாள் பாடசாலை வழமையைவிட நேரத்தோடு விட்டது. வேலியைத் தாண்டிப் போனால், வேப்பங்கொப்பில் மீன் நிறுக்கிற தராசு தொங்குகிறது. தராசில் துணி, துணிக்குள் என் மகள், காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டு. ராத்தா ஒரு கையில் கோழியை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கட மகள் ஏழு கோழி நிறை, டீச்சர்" என்றார்.

எதற்கு நிறுக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "அப்ப நீங்க எத்தின கோழி?"

"முப்பது. மீன் வாடித் தராசில ஏறி நிண்டு பாத்தன்." பகிடிக்குச் சொல்கிற முகமில்லை அது. மகளை இறக்கி என் கையில் தந்துவிட்டுக் கோழிக்கூட்டுப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவளுடைய சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் மஞ்சள் கறை. யாரோ தண்ணீரால் கழுவிப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை. முகர்ந்தேன். மீனெண்ணெய்.

மகளின் வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கை விரலால் தடவிப் பார்த்தேன். அவள் விளையாட்டென்று நினைத்து என் விரலைக் கடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா கோழிகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். பத்து அடி தூரம். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன்.

அடுத்த நாள் அவர் லுஹர் தொழுதுகொண்டிருந்தபோது கள்ளனைப் போல அவர் சமைக்கிற குசினிக்குள் போனேன். போத்தல் அலுமாரியில் மேல் தட்டில் இருந்தது. மிருகங்களுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து. மருந்து நிற்கும் மட்டத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மருந்து கோட்டைவிட்டு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. அப்போது அவரிடம் இருந்தது ஆறு கோழி. பதினெட்டுச் சொட்டு. பதினெட்டுச் சொட்டில் அவ்வளவு இறங்காது. மிச்சம் யாருடைய வயிற்றுக்குள் போகிறது? கணித ஆசிரியைக்கு விடை உடனே வந்துவிட்டது. ஏழு கோழி நிறை.

திரும்பும்போது கூட்டுக் கம்பத்தில் கரித்துண்டால் வரிசையாகக் கோடு கிழித்திருப்பதைக் கண்டேன். முட்டைக் கணக்கு என்று நினைத்தேன். அந்தக் கோழிகள் முட்டையே இடுவதில்லை என்பது பயத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கே மகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். கோழி மருந்து கொஞ்சம் வாய்க்குள் போயிருக்கலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. இரத்தம் எடுத்தார். இந்த விற்றமின் கூடிப்போனால் நஞ்சு என்றார். பார்த்துக்கொள்ள வேண்டியதையும் சொன்னார்: தீராத தாகம், வயிற்றைப் பிரட்டிச் சத்தி, தலையிடி, உதடு வெடிக்கும், தோல் உரியும், எலும்பு நோகும், கடைசியில் சிறுநீரகம். பரிசோதனை முடிவில் மகளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு?

கனமூலையிலிருந்து என் தங்கையை வரவழைத்தேன். இனி அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள், உங்களுக்கும் ஓய்வு வேண்டும்தானே என்று ராத்தாவிடம் தேனாகச் சொன்னேன். முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் நல்லந்தான். கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார். அந்தக் கொஞ்ச நாளைக்கு என்ற சொல் என்னை இன்னும் பயமுறுத்தியது. தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலிப் பக்கம் பிள்ளையை விடாதே என்று கட்டளை போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் மகளைப் பரிசோதித்தேன். தண்ணீர் அதிகம் கேட்கிறாளா, உதடு வெடித்திருக்கிறதா, உள்ளங்கை உரிகிறதா. டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் அவளிடம் தேடினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா செம்பும் கையுமாகத் திரிந்தார். தண்ணீர் குடிப்பார், சற்று நேரத்தில் மறுபடி குடிப்பார். உதட்டில் இரத்தம் கோடிட்டிருந்தது. ஒரு நாள் வேலிக்கு மேலால் மகளுக்கென்று வெள்ளரிப்பழம் ஒன்றை நீட்டினார். அந்த உள்ளங்கை உரிந்து, உள்தோல் சிவப்பாகத் தெரிந்தது. வாங்கினேன். அவர் போனதும் பழத்தை வீசிவிட்டேன். உப்புக் காற்று, கோடை வெயில், வயது என்று மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டேன். டொக்டர் தந்த பட்டியல் முழுவதும் எனக்கு மனப்பாடம். அதை ஒருத்திக்கு மட்டும்தான் பொருத்திப் பார்த்தேன்.

ஒரு காலையில் ஒழுங்கையில் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. நான் பாடசாலை போகும்போதும் கிடந்தது, திரும்பி வரும்போதும் கிடந்தது. ராத்தா அதைத் தாண்டிக் கடைக்குப் போய் வந்ததாகத் தங்கை சொன்னாள். அப்போதாவது போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவர் என்னவோ திட்டத்தில் இருக்கிறார் என்று கதவின் கொண்டியைப் போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து நாலாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. ராத்தா. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முடி கொட்டிப்போய், ஐந்தாறு கிழமைக்கு முன்பு இருந்த ஆளில் பாதிதான் இருந்தார். ஒரு கையில் சொப்பின் பேக். அதற்குள் புதுப் போத்தல், சொட்டு விடுகிற குழாய்.

"நாப்பதும் முடிஞ்சிட்டு டீச்சர்" என்றார். "இனிப் புள்ளைக்குக் குடுக்கலாம்."

என்ன நாற்பது என்று அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவரிடம் கேட்டேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். மகளின் காலும் கோழியின் காலும் ஒரே நோய்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆனால் மனிசப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் கொடுக்கப் பயமாம். அதனால் முதலில் தானே குடித்துப் பார்த்தாராம். பிள்ளை பெத்தவளுக்கும் நாற்பது நாள், நோய் விட்டவருக்கும் நாற்பது. ஒரு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்று தெரிவதற்கும் நாற்பது நாள்தானே வேண்டும்? தினமும் ஒரு கோடு. கோழிக்கு மூன்று சொட்டு என்றால் முப்பது கோழி நிறையுள்ள தனக்குத் தொண்ணூறு. ஒரு தேக்கரண்டி. பிள்ளைக்கு இருபத்தொரு சொட்டு, கூடாமல் குறையாமல்.

கணக்குச் சரி. முழுப் புள்ளி போடலாம்.

"அண்டைக்கு ஒருக்கா குடிச்சது ஓங்காளிச்சு வந்திட்டு, மகளும் மடியில இரிந்தா. சட்டையில பட்டுட்டு, கழுவினன், போகல்ல" என்றார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், தோல் உரிந்த அந்தக் கைகளை. "பாருங்க. எனக்கு ஒண்டும் ஆகல்ல."

சொல்லிவிட்டு நிலையோடு சரிந்து, என் வாசலில் படுத்துவிட்டார்.

எழும்புங்க ராத்தா, எழும்புங்க என்று நான் கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தங்கை ஓடிப்போய்த் திரீவீல் பிடித்து வந்தாள். மகளை நான் அவரிடமிருந்து பிரித்தது அவருடைய பதினைந்தாம் கோட்டில். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மற்ற இருபத்தைந்து கோடும் விழுந்திருக்காது. இந்தக் கணக்கை ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்து போட்டேன். எத்தனை தரம் போட்டாலும் அதே விடைதான் வந்தது.

சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்றார்கள். மூன்று கிழமை வார்டில் கிடந்தார். மன்னாரிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மற்ற நாளெல்லாம் நான்தான். கோழிகளை என் வளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்றேன். மூன்று சொட்டு, மறக்க வேண்டாம் என்றார்.

ஒரு பின்னேரம் கேட்டார், "புள்ளைக்கு நீங்க அதக் குடுக்கல்லதானே?"

இல்லை என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்." கண்ணை மூடித் திறந்தார். "தங்கச்சியக் கூப்பிட்டது என்னப் பயந்தா, டீச்சர்?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. எல்லா வழியும் எனக்குத் தெரியும். ஓம் என்றேன்.

"பெத்தவ பயப்படத்தான் வேணும்" என்றார். கோபமே இல்லை. "எனக்கும் அதே பயந்தான். ஆனாக் கேட்டிருக்கலாம். கேட்டாச் சொல்லியிருப்பன்."

நான் அழுதேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு, மகள் நின்றாளா என்று கேட்டார். நேற்றுக் கதிரையைப் பிடிக்காமல் நின்றாள் என்றேன். அது பொய். அவள் நின்றது அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கழித்து, அந்தத் தண்ணி மாதிரி இருக்கிற கிளினிக் மருந்தில். அப்போது ராத்தா இல்லை.

"ம். இனி நடப்பா" என்றார். கட்டிலின் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. "என்னக் கொஞ்சம் எழுப்பி இருத்துங்க. படுத்தே கெடக்கிறன்."

கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். கனமாக இருக்கும் என்று நினைத்து மூச்சைப் பிடித்துத்தான் தூக்கினேன், அது தேவைப்படவில்லை. முப்பது கோழி என்று சொன்னவர், இருபதுகூட இருக்கமாட்டார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து இருத்தினேன்.